ஒரு சொட்டும் ஒழுகாத படகு

மயிலாப்பூர் அனந்தராமன் வீட்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. முற்றத்தில் அவர் மூன்று ஆண்டுகளாகக் கட்டிவரும் பாய்மரப் படகு எப்போது கடலுக்குப் போகும் என்று எவரும் கேட்கக் கூடாது. கேட்டால் இரண்டு நாள் சாப்பிட மாட்டார். அது மிதக்குமா என்ற ஐயம் அவருக்கே இருந்தது.

குழாய்கள் வறண்ட தொண்ணூற்று மூன்றின் கோடையில் ஒரு மாலை, அலுவலகத்திலிருந்து திரும்பியவரைத் தெருமுனையில் பூ விற்கும் தேவானை மறித்தாள்.

“சாரே, உன் படகு சூப்பரு! ஒரு சொட்டு ஒழுகல. தெருவே உன்னப் பத்திதான் பேசிக்கினு கீது.”

“நான் இல்லாம எல்லாருமாத் தண்ணியில இறக்கிட்டாளா?” என்று பதறினார் அனந்தராமன்.

தினமும் கேலி பேசும் எதிர்வீட்டு ராகவேந்திரன் இன்று கைகூப்பினார். “ஓய், உம்மைத் தப்பா எடைபோட்டுட்டேன்.”

மூன்று ஆண்டு ஐயம் தீர்ந்த களிப்பில், கண் கலங்க வீட்டுக்கு ஓடினார்.

படகு வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் விளிம்புவரை லாரித் தண்ணீர் நிறைந்திருந்தது. காக்கை வாய் வைக்காதபடி படகின் பாயாலேயே பாதியைப் போர்த்தியிருந்தார்கள். மறுபாதியில் தெருப் பெண்கள் வரிசையில் நின்று குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

மனைவி வேம்பு முகமெல்லாம் பெருமையாக வந்தாள்.

“ஏன்னா, இது எப்போ கடலுக்குப் போகும்?”

வரிசையில் நின்றவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். வேம்பு தொடர்ந்தாள்.

“இல்லே, அதுக்குள்ள தண்ணிக்கு இன்னொண்ணு கட்டிடுங்கோ.”