பச்சை பூக்காத குடுவை

ஆய்வக இருட்டறையின் நீல விளக்கில் குடுவையை ஏந்தி மூச்சடக்கி நிற்கிறாள் அவள். அதில் கலந்த பால் சர்க்கரையைக் கண்டதும் உள்ளே வளரும் பாக்டீரியா அதைச் செரிக்கும் ஜீனை முடுக்கும்; கூடவே அவள் கோத்துவிட்ட ஜீனும் விழித்துப் பச்சையாய் ஒளிர வேண்டும். ஒளிரவில்லை. வெறும் கலங்கல். "காலையில வளர்ச்சி மந்தமா இருந்துச்சேன்னு கொஞ்சம் குளுக்கோஸ் போட்டேன்," என்கிறான் அங்கேயே வேலை பார்க்கும் அவள் கணவன், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. "யாரைக் கேட்டுப் போட்டீங்க? குளுக்கோஸ் இருக்கிறவரைக்கும் பாக்டீரியா பால் சர்க்கரையை ஏறெடுத்தும் பார்க்காதே!" அவள் ஆய்வை மதிப்பிட வந்தவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். அவன் கை தாழ்ப்பாளுக்குப் போகிறது. "தொடாதீங்க. முதல்ல குளுக்கோஸ் தீரட்டும்." மறுபடி தட்டுகிறார்கள், பலமாக. அவன் குடுவையை வாங்கிக் குலுக்குகிறான், குனிந்து கெஞ்சுகிறான்: "சீக்கிரம் தின்னு தொலைங்களேன்."