மாவில் பதிந்த விரல்கள்

மடியில் கிடத்தி வாசிக்கிற பழைய ஸ்டீல் கிட்டார் ஒன்று வாங்க வந்த அமலோற்பவம், டிபன் பாக்ஸைத் தட்டிக் காய்ந்த கோதுமை மாவு உருண்டை ஒன்றை மேஜையில் வைத்தாள். அதில் நான்கு பள்ளங்கள் இருந்தன.

"எங்க வீட்டுக்காரர் விரல். தூங்கும்போது அமுக்கி எடுத்தேன். போன கிட்டார்ல கம்பி ரொம்ப நெருக்கம். ஒண்ணைத் தொட்டா ரெண்டு கத்துச்சு. மாதா கோயில்ல எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அதுலருந்து மனுஷன் வாசிக்கிறதே இல்ல. கடைக்கும் வர மாட்டேங்கிறார்."

கடைக்காரர் குலசேகரன் ஒரு கிட்டாரை எடுத்து மேஜையில் கிடத்தி, மாவை அதன் கம்பிகளின் மேல் வைத்துப் பார்த்தார். "காஞ்சு சுருங்கிருச்சேம்மா. இந்த அளவுல வாங்கிட்டுப் போனா மறுபடியும் சிரிப்பாங்க."

"சப்பாத்திக்குப் பிசைஞ்சது" என்றாள் அவள், மாவுக்காக மன்னிப்புக் கேட்பதுபோல.

பிறகு அவள் கண்ணை மூடி வலது கையை நீட்டினாள். கணவரின் விரல்கள் இடையில் கோத்திருப்பதுபோல் தன் விரல்களை மெல்ல அகட்டினாள். அப்படியே கம்பிகளின் மேல் இறக்கினாள். பொருந்தவில்லை.

"வேற கிட்டார் எடுங்க அண்ணாச்சி" என்றாள், கண்ணைத் திறக்காமல். "சீக்கிரம். கைக்கு மறந்துடும்."