தங்கை போட்ட கட்டு

தலைமைப் பதவிக்குச் சவால் விட்ட புரோரை வெட்டிச் சாய்த்துவிட்டு, பனியில் சரிந்தான் பெருந்தலைவன் ஸ்கார்டி. தங்கை உன்னா ஓடிவந்து காயங்களுக்குக் கட்டுப் போட்டாள்.

“வலது கையைத் தூக்க முடியுதாண்ணே?”

“முடியலம்மா. தோள்பட்டை போயிடுச்சு.”

“கண்ணு?”

“இடது கண்ணு இருட்டிக்கிட்டு வருது. வெளியில சொல்லிடாதே. பொழுது சாயறவரைக்கும் யார் வேணும்னாலும் சவால் விடலாம்.”

“சுத்தி நிக்கிற அத்தனை பேரும் நடுங்கிட்டு இருக்காங்க. ஒருத்தனும் வரமாட்டான்.”

“நீ பக்கத்துல இருக்கறதே போதும்மா.” நிம்மதியாகக் கண்களை மூடினான்.

முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்த உன்னா, செத்துக் கிடந்த புரோரின் கோடரியை எடுத்தாள்.

“எந்திரிண்ணே. நான் சவால் விடறேன்.”

“உன்னா! எனக்குக் கட்டுப் போட்ட கையாலயே என்னை வெட்டுவியா?”

“அப்பா ஜெயிச்ச அன்னிக்கு, அவருக்குக் கட்டுப் போட்டுட்டுத்தானே நீ கோடரியை எடுத்தே?”