ரோபோவின் கடைசி வரி

“ஒங்க ரோபோ கதையை எங்க காலேஜ்ல நாடகமா போடப்போறோம் சார்.” அனுமதி கேட்பதற்காகப் புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறி வந்திருந்தாள் ஆசிரியை ஜெஸ்லின்.

எழுத்தாளர் ஆனந்தகுமாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ரோபோன்னாலும், மூளை கம்மின்னாலும், அதுக்கும் உரிமை உண்டுல்லா மேடம்?”

“மொதலாளி, காப்பி.” நரைத்த தலையும் கிழிந்த பனியனுமாக ஒருவர் நீட்டினார். காப்பி தட்டில் சிந்தியது.

“ஒழுங்கா கொண்டாரத் தெரியாதா? பின்னால போய் இரு, போ!”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

“வேலைக்கு இருக்காரா சார்?”

“ம்... ரொம்ப நாளா.”

“பழைய இரும்பு லாரியில ஏத்தும்போது அந்த ரோபோ கேக்குமே, ‘நான் என்ன தப்பு பண்ணுனேன்? சொன்னா திருத்திக்கிடுதேன்’னு. அழுதுட்டேன் சார். எப்படித் தோணுச்சு?”

“எல்லாம் கற்பனைதான்.”

அடுக்களை வாசலில் அவர் மறுபடியும் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

“ஒனக்கு அண்ணன்னு நான் சொல்லவே இல்லியே. நீ சொல்லிக்குடுத்த மாதிரி மொதலாளின்னுதான கூப்பிட்டேன்? நான் என்ன தப்பு பண்ணுனேன்? சொன்னா திருத்திக்கிடுதேன்.”

யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல், தட்டில் சிந்திய காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார் ஆனந்தகுமார்.