உங்களுடன் ஒருவர்

நெவில் தனியாகத்தான் வந்து ஆஸ்பத்திரிக் கூடத்து வாங்கில் உட்கார்ந்தார்.

கையில் ஒரு குடை. மடியில் கைத்தொலைபேசி. பக்கத்தில் எவருமில்லை.

அவரை நான் முன்பு பார்த்ததில்லை. ஆனால் அந்த ஒரு வாரமாக அவரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

குடல் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்காக நாங்கள் ஒரு செயலி செய்திருந்தோம். எதைச் சாப்பிடலாம், எப்போது நிறுத்த வேண்டும், பேதி மருந்தை எப்படிக் கரைப்பது என்று ஒரு பெண்குரல் பகுதி பகுதியாகச் சொல்லும். யார் எந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. திரும்பப் போடுகிறார்கள் என்றால், அந்த இடத்தில் நாங்கள் ஒழுங்காக விளக்கவில்லை.

எல்லோரும் பேதி மருந்தில்தான் தடுமாறுவார்கள்.

நெவில் அதை ஒரு தரம் போட்டதோடு சரி. அவர் விடாமல் போட்டது கடைசிப் பகுதியை.

"பரிசோதனை நாளன்று உங்களுடன் ஒருவர் வரவேண்டும். மயக்கம் முற்றாகத் தெளியும்வரை அவர் உங்களுடன் இருக்க வேண்டும்."

இவ்வளவுதான். காலையில் போட்டார், நல்ல வெயிலில் போட்டார், பின்னேரம் போட்டார். இருட்டினால் போடுவதில்லை.

இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

அதை நேரில் பார்க்கத்தான் அன்று கூடத்து மூலையில் வந்து இருந்தேன். மூன்று காரணங்கள் யோசித்து வைத்திருந்தேன். காது மந்தமாக இருக்கலாம். விரல் நடுங்கி வேண்டாத இடத்தில் படலாம். இல்லாவிட்டால் எங்கள் வசனம் பிழை.

தாதி கேதீஸ்வரி வாசலில் நின்று மெதுவாகத்தான் பெயரைச் சொன்னார். நெவில் உடனே எழுந்துவிட்டார். முதலாவது காரணம் போயிற்று.

"ஆரு அங்கிள் கூட வந்த?"

நெவில் குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"போன மாசமும் இப்படித்தான் ஒத்தையில வந்து திரும்பிப் போனீங்க. ரத்தம் போறது நிண்டுட்டா? இல்லையே. இண்டைக்கும் விட்டா இனி எப்ப திகதி கிடைக்குமோ தெரியா."

கூட ஆள் இல்லாவிட்டால் மயக்க மருந்து கொடுக்கமாட்டார்கள். மயக்க மருந்து இல்லாவிட்டால் பரிசோதனை இல்லை. அவரோ நேற்று முழுவதும் பால் விடாத பிளேன்ரீயும் தண்ணீருமாகக் கிடந்து, குடலைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். இளநீரைப்போலத் தெளிவாகப் போகிறதா என்ற கேள்விக்கு, விடியும்போதே 'ஆம்' என்று அழுத்தியிருந்தார். வீட்டில் உங்களுடன் இருப்போர் என்ற இடத்தில் தன்னுடைய பெயரையே போட்டிருந்தார்.

நெவில் தொலைபேசியை எடுத்து ஒரு விரலால் தொட்டார். விரல் நடுங்கவில்லை. தொழில் என்ற இடத்தில் அவர் போட்டிருந்தபடி, தையல் மெசின் திருத்திப் பழகிய விரல். இரண்டாவது காரணமும் போயிற்று.

"பரிசோதனை நாளன்று உங்களுடன் ஒருவர் வரவேண்டும்..."

கூடம் முழுக்கக் கேட்டது. வாங்கில் இருந்தவர்கள் தொலைபேசியைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதத்தானே நானும் சொல்றன்," என்றார் கேதீஸ்வரி.

அப்போது ஒரு முச்சக்கரவண்டிக்காரர் செருப்பு இழுபட உள்ளே வந்தார். கையில் நெவிலின் கிளினிக் கொப்பி.

"அங்கிள், இத ஓட்டோவுக்க விட்டுட்டு வந்திட்டீங்க. என்ன, இன்னும் இதயா போட்டுக்கிட்டு இருக்கீங்க?" கேதீஸ்வரியைப் பார்த்துச் சிரித்தார். "ஏறின நேரம் தொட்டு இதுதான் மிஸ்ஸி. பாட்டுத் தேடுறாராக்கும் எண்டு நான் ரேடியோவையும் குறைச்சன். பேக்கரியடியில நிப்பாட்டச் சொன்னாரு. ஒண்டும் வாங்கல்ல. அங்க நிண்ட ஆக்களுக்கும் இதத்தான் போட்டாரு. வயித்துல ஒண்டுமில்லாத மனிசன் பேக்கரியில ஏன் இறங்குறாரு எண்டு..."

சிரிப்பு பாதியில் நின்றது.

தொலைபேசியைப் பார்த்தார். பிறகு நெவிலைப் பார்த்தார்.

"அங்கிள்... இது என்னட்டக் கேட்டதா?"

நெவில் குடைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். தலை மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"வாயால ஒரு சொல்லுச் சொன்னா நான் மாட்டன் எண்டா சொல்லப்போறன்?"

"தம்பி, எல்லாம் முடிஞ்சு வெளிய விட பின்னேரமாகும்," என்றார் கேதீஸ்வரி. "உங்கட ஹயர் ஓட்டமெல்லாம் போயிரும்."

"போனாப் போகுது மிஸ்ஸி. இண்டைக்கு இந்த ஒரு ஹயர்தான். ஓட்டோவ வாவிக்கரையில நிழலுக்க விட்டுட்டு இந்தா வாறன்."

சொன்னபடியே வந்தார். வாங்கில் நெவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பேரு?"

"அஸாம்."

கேதீஸ்வரி நெவிலைப் பார்த்தார். அஸாமைப் பார்த்தார். "மகன் எண்டு போட ஏலாதே!" வாங்கில் எல்லோரும் சிரித்தார்கள். நெவிலும் குனிந்தபடியே சிரித்தார். கேதீஸ்வரி என் பக்கம் திரும்பினார். "பிள்ள, உங்கட செயலியில உறவுமுறைக்கு என்ன போடுற?"

நான் காலையிலிருந்து அந்தக் கூடத்தில் வாய் திறக்கவில்லை. மூடிய அறைக்குள், ஒலிவாங்கிக்கு முன்னால், தனியே என்றால் எவ்வளவும் பேசுவேன். ஆட்களுக்கு முன்னால் வராது.

"'வேறு ஒருவர்' எண்டு ஒரு இடம் இருக்கு மிஸ்ஸி," என்றேன். "அதில போடலாம்."

நெவில் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

அஸாம் என்னைப் பார்த்தார். நெவிலின் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"அட! நீங்களா தங்கச்சி என்னட்டக் கேட்ட?"