சூடான மோடம்

சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் மோடம் சூடாக இருக்கிறது. தன் கம்ப்யூட்டருக்குள் எவனோ நுழைகிறான் என்று ராஜபாளையம் தனுஷ்கோடிக்குச் சந்தேகம். மெக்கானிக் சோலைராஜ் வந்து சோதித்தான்.

“அண்ணாச்சி, தினமும் நாலு மணிக்குப் போன் லைன்ல இன்டர்நெட் கனெக்ட் ஆகுது. ஆறு மணிக்குக் கட் ஆகுது. ஆனா உள்ள வந்தவன் ஒண்ணையும் பாக்கல.”

“பாக்காத கள்ளனா? தெறந்திருக்க போர்ட்டையெல்லாம் அடைச்சு, பாஸ்வேர்டு போட்டுரு.”

காபி கொண்டுவந்த மனைவி பரிபூரணத்தின் முகம் வாடியது.

நாலு மணிக்குப் போன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவர் அக்கா.

“தம்பி, ஒரு மாசமா இந்நேரத்துக்கு அடிக்கேன், எங்கேஜ்டாவே இருக்கு. சொல்ல வேண்டியது அம்புட்டும் சேந்து கெடக்கு.”

ஆறு மணிக்கு ரிசீவரை வைத்த தனுஷ்கோடி, சிவந்த காதைத் தடவிக்கொண்டே மனைவியைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, பாஸ்வேர்ட எழுதித் தாரேன். நாளைக்கு மூணே முக்காலுக்கே இன்டர்நெட்டப் போட்டுரு.”