சாமி இல்லாத சித்திரசாலை

சித்திரசாலையிலிருந்த சாமிப் படங்கள் பன்னிரண்டையும் சொர்ணம் கழற்றி, மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள் என்ற செய்தி காலை எட்டு மணிக்கே பூந்தமல்லிக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

ஒன்பது மணிக்குள் அதற்குக் கண், காது, மூக்கெல்லாம் முளைத்துவிட்டது. படங்களை ஏரியில் போட்டுவிட்டாள் என்றார்கள். சாமியே கிடையாது என்று சொல்கிற கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்றார்கள்.

பத்து மணிக்கு ஊர்ப் பெரியவர் ஜம்புலிங்கம் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நியாயம் கேட்க வந்துவிட்டார்.

இது முப்பத்தாறாம் வருஷத்துச் சங்கதி. சொர்ணத்தின் புருஷன் செங்கல் சூளை வைத்து நன்றாக வாழ்ந்தவர். அவர் போன பிறகு, அவர் பேரில் ஒரு சத்திரம் கட்டு என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் படம் மாட்ட ஒரு கூடம் கட்டினாள். சுற்றுவட்டாரத்தில் வரைகிற கை யாருக்கு இருந்தாலும் காகிதமும் வர்ணமும் கொடுத்தாள். நன்றாக வந்ததைச் சுவரில் மாட்டினாள்.

துரைமார் செய்கிற வேலை இவளுக்கு எதற்கு என்று ஊர் சிரித்தது. ஒரு வெள்ளிக்கிழமை லட்சுமி படத்துக்கு முன்னால் யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம் தேங்காய் உடைத்தார்கள். மணி கட்டினார்கள். படம் பார்க்க வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கூடத்தை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். வாசலில் ஆள் போட்டு, கோயிலுக்கு உள்ள நடைமுறையெல்லாம் இங்கேயும் உண்டு என்று ஜம்புலிங்கம் சொல்லிவிட்டார். கட்டியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் ஊரில் அதையெல்லாம் கேட்கிற வழக்கம் ஏது?

இப்போது அந்த ஜம்புலிங்கம் வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“படமெல்லாம் எங்க?”

“கோயில் மண்டபத்துல பத்திரமா கீது, மாமா. ஏரியில ஒண்ணும் போடல.”

“சாமிக்கு இங்க இன்னா கொற வெச்சோம்?”

“ஒரு கொறையும் வெக்கல. அதான் அனுப்பிட்டேன்.”

அவருக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் அவருக்குக் கோபம் வரும். புத்தி கெட்டுப் போச்சா, சாமி பயம் விட்டுப் போச்சா என்று கத்தினார். சொர்ணம் தன் நெற்றி விபூதியைக் காட்டி, இப்போதுதான் கோயிலுக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னாள். அப்படியானால் ஏன் எடுத்தாய் என்றார். என் கூடம், நான் மாட்டினேன், நான் எடுத்தேன் என்றாள்.

ஜம்புலிங்கம் கடைசியில் கை வைக்க வேண்டிய இடத்தில் கை வைத்தார். கூடம் நிற்கிற மனை அவருடைய பங்காளிகளுடையது. வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்தது. வெள்ளிக்கிழமைக்குள் லட்சுமி திரும்பி வராவிட்டால் கோர்ட்டுக்குப் போய் மனையைக் கேட்போம், கூடத்தை இடித்துக்கொண்டு போகவேண்டியதுதான் என்றார்.

சொர்ணத்துக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இருந்ததெல்லாம் இந்தக் கூடம்தான். அவருக்கும் அது தெரியும்.

“கோர்ட்டுக்குப் போங்க மாமா. கோர்ட்டு அமீனா வந்து பூட்டுப் போடற வரைக்கும் இந்தக் கதவு தொறந்துதான் கெடக்கும்.”

“பொம்பளைக்கு இத்தினி திமிரா?” என்றார் கூட வந்தவர்களில் ஒருவர்.

“ஆமா,” என்றாள் சொர்ணம்.

ஜம்புலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். ஆனால் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த உழவு மாட்டுப் படம் அவரைப் பிடித்து நிறுத்திவிட்டது. இரண்டு வருஷமாகக் கற்பூரம் ஒற்றிக்கொண்டு வெளியே போகும்போதெல்லாம் அவர் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் போவார். பாவம், என்ன இருந்தாலும் மாடு தெரிந்த மனுஷன்.

“இத்தயாவது உட்டு வெச்சியே,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “வலது மாடு வேலைக்கு டிமிக்கி குடுக்கறது அது நிக்கற நெலையிலயே தெரியுது பாரு. அசல் எங்க ஊட்டு மாடு மாதிரியே கீது. வரைஞ்ச மகராசன் யாரு?”

சொர்ணம் வாசலுக்கு வெளியே ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.

“நம்ம வழக்கு வேற, வித்த வேற. அவருக்குப் பொங்கலன்னிக்கு என் கையால சால்வ போத்தணும்.”

“வெளியதான் நிக்கறாரு. கூப்பிடட்டுமா?”

“இன்னா கேள்வி கேக்கற? வித்தக்காரரை வெளிய நிக்க வெக்கலாமா? உள்ள வரச் சொல்லு.”

சொர்ணம் வாசலுக்குப் போய்க் கையசைத்தாள். தெருவுக்கு எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியிலிருந்து, பதினைந்து வருஷமாக ஜம்புலிங்கத்தின் நிலத்தில் ஏர் ஓட்டுகிற பாரிவாக்கத்து ஆள் சின்னப்பையன் வந்தான். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு படியோரமாகவே நின்றுவிட்டான்.

ஜம்புலிங்கம் பின்னால் நகர்ந்தார். மரியாதைக்கா, தீட்டுக்கா என்று சொர்ணம் கேட்கவில்லை. வழி கிடைத்தது, அது போதும்.

“உள்ள வாப்பா,” என்றாள். “சாமி கீற எடத்துக்குள்ள நீ வரக்கூடாதுன்னுதான ஆள் போட்டாங்க? சாமிய அனுப்பிட்டேன். நீ வரைஞ்ச படம் சொவத்துல எப்டி கீதுன்னு இன்னிக்காவது வந்து பாரு.”